கேடயத்தில் என்ன வரைவது

1

அப்பாவின், எங்கள் பேச்சில் நைனாவின், முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஊருக்கு வந்தே ஆகவேண்டும் என்று அக்கா போனில் சொன்ன அன்றைக்குத்தான் அந்தக் கடிதமும் கிடைத்தது. என் மகள் யாழினியின் பள்ளிக்கூடப் பையில், நசுங்கிய வாழைப்பழத்துக்கு அடியில், நான்காக மடித்துக் கிடந்தது. இந்த நாட்டுப் பள்ளிகளில் எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம் வரும். பேன் பரவினால் கடிதம், சுற்றுலா என்றால் கடிதம், பிள்ளை விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டால் அதற்கும் ஒரு கடிதம். வந்து பதினான்கு வருஷத்தில் நான் வாசித்த இங்கிலீஷில் பாதி இந்தக் கடிதங்களாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. அன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். கடிதத்தைப் பிரித்தால், ஐந்தாம் வகுப்புக்கு இந்தப் பருவத்துப் பாடம் வட்டமேசை வீரர்களாம். கல்லில் செருகிய வாளை உருவி ராஜா ஆன பையன், அவனுடைய வட்டமேசை, அதைச் சுற்றி உட்கார்ந்த குதிரை வீரர்கள், அவர்களுடைய வீர ஒழுக்கம். பாடம் முடிந்ததும் ஒரு விழா. ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்துக்கு ஒரு கேடயம் செய்து எடுத்து வரவேண்டும். அதில் நான்கு கட்டம். உங்கள் குடும்பத்தின் ஊர், முன்னோர் செய்த தொழில், குடும்பத்துக்கு ஒரு விலங்கு, குடும்பத்தில் சொல்லிவரும் ஒரு வாசகம். தலைமை ஆசிரியை மரவாளால் தோளைத் தொட்டு எல்லாரையும் வீரர்களாக்குவார். பெற்றோர் அவசியம் வரவும்.

"அம்மா, தாத்தாவோட தாத்தா என்ன பண்ணாங்க?" என்று யாழினி கேட்டாள்.

நான் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கக்கூட இல்லை. "ராஜாவோட குதிரைப் படையில இருந்தாரு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. பத்து வயதுப் பிள்ளை, இருக்கிற அட்டைப் பெட்டியை எல்லாம் இழுத்துப் போட்டு அன்றைக்கே வெட்ட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாளில் கேடயத்தின் ஒரு கட்டத்தில் நீலக்குதிரை ஒன்று நின்றது. பாவம், கால் ஒன்று மட்டும் குட்டையாகப் போய்விட்டது.

2

யாழினி பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். வீரனுக்குரிய விதிகள். உண்மையே பேசவேண்டும். எளியவரைக் காக்கவேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும். முதுகு காட்டி ஓடக்கூடாது. விதிப்படி நடந்துகொண்டால் வகுப்பில் ஒரு நட்சத்திரம் தருவார்களாம். சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் பாடம் நடந்தது. அந்தக் காலத்தில் ஏழு வயதில் பையனை ஒரு பிரபு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், மேசையில் பரிமாறப் பழக. பதினான்கு வயதானால் ஒரு வீரனுக்கு எடுபிடி. கவசம் துடைப்பது, குதிரையைப் பிடித்துக்கொள்வது. இருபத்தொன்றில் அவனே வீரன்.

"யார் வேணா ஆகலாமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்லம்மா. நோபிள் ஃபேமிலில பொறந்தாத்தான். விவசாயி பையன்லாம் ஆகவே முடியாது. அன்ஃபேர் இல்ல? நான் மிஸ்கிட்டயே கேட்டேன். அந்தக் காலத்துல அப்படி, இப்பல்லாம் யாரும் அப்படிப் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

சாம்பாரைக் கிண்டிக்கொண்டே "அப்படியா" என்றேன்.

வாள் உருவிய பையன் கதையை அவள் சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. யாரோ ஒரு பையன், யார் வீட்டிலோ வளர்கிறவன், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இழுத்துத் தோற்ற வாளை உருவிவிட்டான். பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் அவனும் ராஜா மகன்தானாம், ஒளித்து வளர்த்திருக்கிறார்கள். எந்த நாட்டுக் கதையானாலும் முடிவில் அப்பன் யார் என்று தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வட்டமேசையும் அப்படித்தான். தலைமாடு கால்மாடு கிடையாது, உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சமம் என்று யாழினி கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். அந்த மேசைக்குச் சோறு கொண்டுவந்து வைத்தவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்க நினைத்தேன். மறுநாள் காலை ஷிப்ட். கேட்காமல் படுத்துவிட்டேன்.

3

எங்கள் ஊரான செஞ்சியில் படித்தவர்களுக்கு ராஜா கதை புதிதில்லை. எங்கள் ராஜாவின் பெயரை நான் சொல்லவும் வேண்டியதில்லை. யாராலும் அடக்க முடியாத நீலக்குதிரை, கல்யாண மேடையிலிருந்து எழுந்து போருக்கு வந்த நண்பன், சின்ன வயதிலேயே செத்துப்போன ராஜா. ஆறாம் வகுப்பில் வரலாற்று சார் இதைச் சொல்லும்போது வகுப்பறையில் பேனா உருளும் சத்தம்கூடக் கேட்காது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ராஜாவின் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை நிற்கும். அந்தக் கதைக்கு எங்களுக்கு வேறு படம் எதுவும் தேவைப்படவில்லை.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டாவது கதை ஆரம்பமாகும். எங்க தாத்தா வழியில ராஜா படையில தளபதி என்பான் ஒருவன். எங்களுதுதான் கோட்டைக் கணக்கு பார்த்த வம்சம் என்பாள் ஒருத்தி. எங்கள் காலனியிலிருந்து போன நான்கு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பேசாமல் இருப்போம். ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு எல்லார் வசனமும் மனப்பாடம். ராணி வேஷம் கேட்டேன். சார் சிரித்துக்கொண்டே குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையைக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. நாடகம் முடியும் வரை அட்டைக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது இன்னும் நினைவிருக்கிறது.

இதையெல்லாம் விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்திருந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்பு, யாழினியை நர்சரியில் விட்டுவிட்டு மழையில் நின்றபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. "இன்னா ரித்திக், ஷூவைக் கழட்டிட்ட?" அந்த இன்னாவைக் கேட்டதும் சட்டென்று திரும்பினேன். ரித்திக்கின் அம்மா கவிதா, மேல்மலையனூர்க்காரர். செஞ்சியிலிருந்து அரை மணி நேரத்தில் பஸ்ஸில் போய்விடலாம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அடுத்த கேள்வி உடனே வந்தது.

"செஞ்சியில எங்க?"

இந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். "கோட்டைத் தெரு" என்றேன். எங்கள் வீடு ஏரிக்கரை ஓரத்துக் காலனியில் இருக்கிறது. நானும் திருப்பிக் கேட்டேன். "கோயிலுக்குப் பக்கத்துலதாங்க" என்று சொல்லிவிட்டு, அமாவாசைக் கூட்டம், ஸ்பெஷல் பஸ், படுக்க இடம் கிடைக்காத ஜனம் என்று கவிதா பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார். கோயிலையே நிர்வாகம் செய்கிற குடும்பம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கவிதா அடுத்தடுத்து ஏதாவது கேட்பார். கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, குலதெய்வம் எங்கே, உங்க அப்பா பேர் என்ன. ஒவ்வொன்றுக்கும் நிதானித்துப் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி இல்லாமல் முடியாது. அன்றைக்குக் கவிதா வருவதாக மெசேஜ் வந்தால், குளிரோ மழையோ, ஜன்னலைத் திறந்துவிட்டு, சட்டியைத் தோட்டத்து ஷெட்டில் ஒளித்துவைத்து, ஊதுபத்தி கொளுத்தி வைப்பேன். அவர் வந்தாலும் டீயோடு சரி. இப்பதான் சாப்பிட்டேங்க என்பார். சந்தேகப்படுகிறாரோ என்று ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவேன். அவர் வீட்டிலும் எந்நேரமும் ஊதுபத்தி மணக்கும். பக்திக்காரக் குடும்பம், அதனால்தான் நம் வீட்டில் கை நனைப்பதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இருந்தாலும் அவரை விட முடியவில்லை. இந்த ஊரில் நான் பேசுகிற மாதிரிப் பேசும் ஒரே ஆள் அவர்தான். யாழினி பிறந்த நாளுக்கு வடை சுட, காய்ச்சலில் படுத்தால் பிள்ளையை அழைத்து வர, வேலையிடத்துக் கோபத்தைக் கொட்ட எனக்கு வேறு யாரும் இல்லை. உண்மை தெரிந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று ஏழு வருஷமாகப் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

4

ஈஸ்டர் விடுமுறையில் நானும் யாழினியும் மட்டும் கிளம்பினோம். என் கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் யாழினியின் ஓசிஐ அட்டையில், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை அது, இருந்த மூன்று வயதுக் குழந்தையையும் எதிரே நின்ற பிள்ளையையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதில் தூக்கம் கெட்ட முகம் எப்படியிருக்கும்? சந்தேகப்பட்டதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

காலனி முனையில் நைனாவின் படம் போட்ட பேனர் கட்டியிருந்தார்கள். படத்தில் அவர் தோளில் சாவிக்கொத்து தொங்குகிறது. நைனா கோட்டையில் காவலாளி. முப்பது வருஷம் காலையில் கதவைத் திறந்து மாலையில் மூடினார். மூடும் நேரத்தில் படியோரம் நின்றுகொண்டு, மலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் "பாத்து எறங்குங்க, பாத்து எறங்குங்க" என்பார். கலெக்டர் வந்தாலும் அதேதான், காதலர்கள் வந்தாலும் அதேதான். பதினான்கு வருஷத்துக்கு முன்பு நான் விமானம் ஏறப்போகும்போது போனில் அவர் சொன்னதும் அதுதான். "பாத்து எறங்கும்மா."

அக்கா கிராம நர்ஸ். மேல்சித்தாமூர் வரைக்கும் ஸ்கூட்டியில் சுற்றுகிறாள். ஒரு காலத்தில் எங்கள் அம்மா கொல்லைப் பக்கமாகப் போய்க் கூப்பிட்ட வீடுகளில், இவள் முன்வாசல் வழியாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊசி போடுகிறாள். அதனால் அவளுக்கு யாரிடமும் பயமில்லை, என்னிடம் சுத்தமாக இல்லை. நைனா பேரில் இருக்கும் வீட்டு மனைப் பட்டாவை மாற்ற வாரிசு சான்றிதழ் வாங்கவேண்டும் என்று வந்த மறுநாளே இ-சேவை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே என் இங்கிலாந்து முகவரியைக் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்துவிட்டது. இங்கிலாந்துப் பின்கோடில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். இந்த ஊர்ப் படிவத்தில் எண் மட்டும்தான் ஏறும். மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு அங்கிருந்த ஊழியர் அம்மா, "நீங்க பேசாம செஞ்சி அட்ரஸ்ஸே குடுத்துடுங்களேன்" என்றார். கொடுத்தோம். ஏரிக்கரைக் காலனி என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

அடுத்த நாள் கோட்டைக்குப் போனோம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த பிறகு புதுப்புதுப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கொடுப்பவர் என்னையும் யாழினியின் பேச்சையும் கவனித்துவிட்டு, "பாரினரா மேடம்?" என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"இன்னா சார் நீ. முப்பது வருஷம் இந்தக் கேட்டைத் தொறந்து மூடுன மனுசன் பொண்ணு இவ. பாரினரான்னு கேக்குற?"

அவர் சங்கடத்தோடு சிரித்துவிட்டு, இருந்தாலும் ஏதாவது அடையாள அட்டை காட்டுங்க என்றார்.

ஒன்பது மணிக்கே கல் சுட்டது. மலை ஏற முடியாது என்று கீழேயே சுற்றினோம். கல்யாண மகாலைச் சுற்றி வரிசையாக வளைவு வைத்துக் கட்டிய குதிரை லாயங்களைக் கண்டதும் யாழினி ஓடினாள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, நம்ம தாத்தாவோட தாத்தா குதிரை எதுல இருந்துச்சு?" என்று கத்தினாள்.

"எந்தக் குதிரைடி?" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் என்னை முறைத்துவிட்டு, "வெயில் ஏறுது, கெளம்புங்க" என்றாள்.

5

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "குதிரைப் படையா? அந்தச் சீமையில போயும் இதே புளுகுதானா? நைனா இருந்திருந்தா காறித் துப்பியிருப்பாரு." நான் கவிதாவைப் பற்றிச் சொன்னேன். விழாவுக்கு அவர் வருவார் என்றேன். "வந்தா வரட்டுமே. உன் சோத்தையா புடுங்கப் போறா?" என்றாள். அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. அவளைச் சுற்றி ஒரு காலனியே இருக்கிறது. எனக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது யாழினி, கேடயத்துக்குத் தாத்தா போட்டோ தேடுகிறேன் என்று, கட்டிலில் இருந்த அக்காவின் பைலைக் குடைந்திருக்கிறாள். கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள். என் சாதிச் சான்றிதழ். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

"அம்மா, இதுல உன் பேர் இருக்கு. ஷெட்யூல்டுன்னு போட்டிருக்கு. ஷெட்யூல்னா டைம்டேபிள்தானே? நமக்கு என்ன டைம்டேபிள்?"

அக்காதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "படையெல்லாம் இல்லடா கண்ணு. ராஜா குதிரைக்குப் புல்லு அறுத்தவங்க நாம. மலையடிவாரத்துல அறுத்து, தலைமேல கட்டு வச்சித் தூக்கிட்டு வந்து, லாயத்து வெளிய போட்டுட்டுப் போயிடணும். உள்ள நிக்கக்கூடாது. நம்மளத் தொட்டா தீட்டுன்னு சொல்லுவாங்க. எங்க தாத்தா அவங்க தாத்தா சொல்லக் கேட்டது. அப்புறம் நெலத்துக்காரங்க மாட்டுக்கு அறுத்தாங்க. உங்க தாத்தாதான் மொதமொதல்ல சம்பளத்துக்குப் போனவரு. சாவி அவரு கையில இருந்துச்சு. இப்பவும் பாக்குறவங்க பாக்கத்தான் செய்யறாங்க. அதுக்குத்தான் இந்தத் தாளு."

நான் பத்து வருஷமாகச் சொல்லாததை அவள் ஒரு டம்ளர் மோர் குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். யாழினி தாளை அக்காவிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நீ ஏன் பொய் சொன்ன?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"எனக்கு என்ன கஷ்டம்? நான் எதுவும் தப்புப் பண்ணலையே. அவங்கதானே பண்ணாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "கேடயத்துல இதெல்லாம் போடாத. ரித்திக் அம்மா வருவாங்க. குதிரையோட விட்டுடு" என்று அதட்டினேன்.

"வீரனுக்கு முதல் விதியே உண்மை பேசணும்கறதுதான்மா" என்றாள். இங்கிலீஷில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வருவதில்லை. மீதி நாட்களில் என்னோடு இங்கிலீஷில்தான் பேசினாள். அதுவும் கொஞ்சமாக.

திரும்பி வந்த பிறகு அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும். எதை வரைகிறாய் என்று இரண்டு தடவை கேட்டேன். "சர்ப்ரைஸ்" என்றாள். என் கணவரிடம் புலம்பினேன். அவர் கடலூர்ப் பக்கம். அவரும் வேலையிடத்தில் கேட்கிற தமிழர்களிடம் ஏதோ ஒரு தெருப் பெயர் சொல்லிவைத்திருக்கிறார். மாவு படிந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வரையட்டும் வுடு. எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு" என்றார்.

6

விழா அன்றைக்கு மழை. பள்ளிக்கூட ஹாலில் ஈரக் கோட்டு வாசனை. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகளில் பெற்றோர்கள் முட்டி தெரிய உட்கார்ந்திருந்தார்கள். கவிதா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "வாங்க வாங்க, ஊர்லேந்து இன்னா கொண்டாந்தீங்க?" என்றார்.

வெள்ளிக் காகிதக் கவசம் மாட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேடயத்தைக் காட்டிப் பேசி, முட்டி போட்டு, மரவாளால் தொடப்பட்டுப் போனார்கள். ரித்திக்கின் கேடயத்தில் குறுக்காக இரண்டு வாள், நடுவில் ஒரு சிங்கம். எங்கள் முன்னோர்கள் போர்வீரர்கள் என்று வேகமாகச் சொன்னான். கவிதா கைதட்டினார். அடுத்து யாழினி.

குதிரை அப்படியே இருந்தது, குட்டைக் காலோடு. ஆனால் இப்போது அதன் வாயில் ஒரு கற்றைப் பச்சைப் புல். பக்கத்துக் கட்டத்தில் ஓர் அரிவாளும் ஒரு புல்லுக்கட்டும். இன்னொன்றில் மலை. கீழே தமிழில் ஏதோ எழுதியிருந்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

அவள் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். "என் முன்னோர்கள் ராஜாவின் குதிரைகளுக்குப் புல் அறுத்தார்கள். அவர்களை லாயத்துக்குள் நிற்க விடவில்லை, தொடக்கூடாது என்றார்கள். ஆனால் புல் இல்லாவிட்டால் எந்தக் குதிரையும் ஓடியிருக்காது. என் தாத்தா அந்தக் கோட்டையின் கதவைத் திறந்து மூடினார். எங்கள் குடும்பத்து வாசகம் அவர் எல்லாரிடமும் சொன்னது." பிறகு தமிழில், நைனா சொல்கிற மாதிரியே சொன்னாள். "பாத்து எறங்குங்க."

அர்த்தம் என்ன என்று தலைமை ஆசிரியை கேட்டார். யாழினி சொன்னதும் ஹால் முழுக்க அன்பாகச் சிரித்தது. தொடும் நேரம் வந்தபோது அவள் முட்டி போடவில்லை. நின்றுகொண்டே வாங்கிக்கலாமா என்று கேட்டாள். ஆசிரியை ஒரு நொடி யோசித்துவிட்டு வாளை உயர்த்தி அவள் தோளைத் தொட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. கவிதா கைதட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோதும் தூறல் விடவில்லை. பிள்ளைகள் இருவரும் கேடயத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்கள். கவிதா என்னோடு குடையைப் பகிர்ந்துகொண்டு கேட் வரை பேசாமல் வந்தார். ஏழு வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். இனிமேல் பள்ளி வாசலில் தூரமாக நின்று தலையாட்டிக்கொள்வோம்.

"புல்லு அறுத்தவங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு அலுத்துவிட்டது. உடம்பு, மனசு எல்லாம் அலுத்துவிட்டது. "காலனிதாங்க. கோட்டைத் தெருன்னு சொன்னது பொய். ஏரிக்கரைக் காலனி" என்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கவிதா நின்றுவிட்டார். குடை சாய்ந்து தண்ணீர் என் தோளில் வழிந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எங்க வூட்ல எப்ப வந்தாலும் ஊதுபத்தி எரியுதே. அது எதுக்குன்னு நெனச்ச?"

ஏழு வருஷத்தில் முதல் முறையாக என்னை ஒருமையில் பேசினாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "சாமிக்குன்னு..." என்று இழுத்தேன்.

"சாமிக்கு இன்னாத்துக்குடி ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு பத்தி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கேக்குறவங்களத் திருப்பி யாரும் ரொம்பக் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் நானே முந்திக்கினு உன்ன கேட்டேன். கோட்டைத் தெருன்னதும் பயந்துட்டேன். உங்க வூட்ல கை நனைச்சிட்டு, நாளைக்கு உனக்கு நாங்களும் காலனின்னு தெரிஞ்சா, ஏன் எங்க வூட்ல வந்து சாப்ட்டன்னு நெனைப்பியே."

"அப்ப அந்தச் சிங்கம்?"

"நெட்ல எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கு தெருதான். ஏழு வருஷமாக இரண்டு பேரும் ஒரே கறியை ஆக்கி, ஒரே மாதிரி ஒளித்துவைத்து, ஒரே மாதிரி ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிரில் நடுங்கியிருக்கிறோம். சிரிப்பு வந்தது, கூடவே அந்த வருஷங்களை எண்ணி அழுகையும் வந்தது. மழைக்குள்ளே யாழினி திரும்பிப் பார்த்து, சீக்கிரம் வா என்று கை காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன், சாப்டுறேன்" என்றாள் கவிதா. "பத்தி கொளுத்தாத."